கட்டின பொண்டாட்டி விருந்தாளி இல்லை

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலா உட்கார்ந்து படிங்க. படிச்சி முடிச்சிட்டு கோபம் வந்தா என்னைத் திட்டுங்க, பரவாயில்லை. பாதியில நிறுத்திட்டு மட்டும் திட்டாதீங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துல சாம்பார் வாளி என் கையில. பந்தியில ரெண்டு பேர் பேசிக்கிட்டு இருந்தாங்க. நம்ம கோயிலுக்கு வர்ற ஒரு தங்கச்சியைப் பத்தித்தான் பேச்சு. தமிழ்நாட்டுல இருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் இப்போ வேற வீட்டுல இருக்கான். பாஸ் முடியப் போகுது. அதைக் கேட்டு ஒருத்தர் சொன்னார்: "இங்க பொண்ணே இல்லையா? அங்க போய் கட்டிட்டு வந்தா இப்படித்தான். எல்லாம் விசாவுக்கு வர்ற கூட்டம்."

அவர் இலையில சாம்பாரை ஊத்திட்டு அடுத்த இலைக்குப் போயிட்டேன். கோயில்ல சண்டை வேணாம்னு வாயைத் திறக்கலை. ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அங்க சொல்லாததை இங்க சொல்றேன்.

என்னைத் தெரியாதவங்களுக்கு: நான் கிள்ளான்காரன். தொழிற்சாலையில சூப்பர்வைசர். எஸ்.பி.எம் வரைக்கும்தான் படிப்பு. நான் வக்கீல் இல்லை. ஆனா இருபது வருஷத்துக்கு மேல கோயில் தொண்டுல இருக்கேன். கல்யாண சீசன்ல மண்டப வேலை என் பொறுப்பு. பாரம் நிரப்பத் தெரியாத எத்தனையோ குடும்பத்தோட புத்ராஜெயா வரைக்கும் போய் நம்பர் எடுத்து உட்கார்ந்திருக்கேன். சட்டத்துல எனக்குப் புரியாத இடத்தை வக்கீல் ஆபீஸ்ல வேலை செய்யற என் அக்கா மகள்கிட்ட கேட்டுத்தான் எழுதுறேன். எந்தக் கட்சிக்காகவும் எழுதலை.

முதல்ல அந்த பாஸோட பேரைப் பாருங்க. மலேசியரைக் கல்யாணம் பண்ணின வெளிநாட்டவருக்குக் கொடுக்கிறது 'பாஸ் லாவாத்தான் சோசியல்', பின்னால 'நீண்டகாலம்'னு ஒரு சொல். லாவாத்தான்னா என்ன? வருகை. பத்துமலை பார்க்க வர்ற சுற்றுப்பயணிக்கும் சமூக வருகை. நெருப்பு சுத்தி, அம்மி மிதிச்சு, ஊர் அறிய தாலி வாங்கிட்டு வந்தவளுக்கும் சமூக வருகை. அவள் சமைக்கிற வீட்டுல, அவள் பிள்ளை பெத்த வீட்டுல, சட்டப்படி அவள் ஒரு விருந்தாளி.

விருந்தாளின்னா நம்ம வழக்கத்துல என்ன அர்த்தம்? நல்லா கவனிப்போம், ஆனா ஒருநாள் கிளம்பணும். அதுதான் இந்த பாஸோட குணமும். ஆறு மாசம், ஒரு வருஷம்னு கொடுப்பாங்க. நல்லபடியா போனா 5 வருஷம் வரைக்கும் கிடைக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்கணும். கொடுக்கிறதும் மறுக்கிறதும் அதிகாரி கையில. பத்து வருஷம் வாழ்ந்தவளும் பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டு "இன்னும் நான் பொண்டாட்டிதான்"னு நிரூபிக்கப் போகணும்.

அந்தத் தங்கச்சிக்கு நடக்கிறது இதுதான். பாஸைப் புதுப்பிக்க மனைவி மட்டும் போனா பத்தாது. மலேசியத் துணையும் கூட வரணும், கையெழுத்துப் போடணும். அவன் வர மாட்டேங்குறான். கோர்ட்டுக்குப் போகலை, விவாகரத்தும் கேக்கலை. சும்மா வராம இருக்கான், அவ்வளவுதான். அவளைத் துரத்த அவனுக்கு வேற ஒண்ணும் தேவையில்லை. தேதி முடிஞ்சா நாட்டோட சட்டமே அந்த வேலையை அவனுக்காகச் செஞ்சு கொடுத்திடும். அனுமதி முடிஞ்சு தங்கினா 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், இல்லைன்னா 5 வருஷம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ரெண்டும். 1959/63 குடிநுழைவுச் சட்டம் 15வது பிரிவு.

இப்போ சொல்லுங்க, இது விசாவுக்கு வந்த கூட்டமா? அடிச்சாலும் "பாஸ் கையெழுத்து இருக்கே"ன்னு பல்லைக் கடிச்சிட்டு இருக்கிற பொண்ணுங்களை நான் பார்த்திருக்கேன். பாஸ்போர்ட்டையும் மாமியார் பீரோவுல வெச்சுப் பூட்டிக்கிற வீடு உண்டு. அடுத்தவர் பாஸ்போர்ட்டை அப்படிப் பிடிச்சு வெக்கிறது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். மாமியார்மாரே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அடுத்தது நாள் கணக்கு. 2023 டிசம்பர் 1ல இருந்து இந்தியப் பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவங்க விசா இல்லாம இங்க 30 நாள் தங்கலாம். சொந்தபந்தம் வந்து போக ரொம்ப நல்லது. ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? பொண்ணை அந்த 30 நாள்ல வரவழைச்சு இங்கேயே கல்யாணத்தை முடிச்சிடலாம்னு ஹால் புக் பண்றாங்க.

நம்ம கல்யாணச் சட்டம் 1976ஆம் வருஷத்துச் சட்டம், எண் 164. 1982 மார்ச் 1ல இருந்து அமலில் இருக்கு. அதன்படி கல்யாண நோட்டீஸ் கொடுக்கிறதுக்கு முன்னால அந்த வட்டாரத்துல 7 நாள் தங்கியிருக்கணும். நோட்டீஸ் கொடுத்த பிறகு 21 நாள் காத்திருக்கணும். ஏழும் இருபத்தொண்ணும் இருபத்தெட்டு. மிச்சம் ரெண்டு நாள். அந்த ரெண்டு நாள்ல தாலி கட்டி, பதிவு பண்ணி, நீண்டகால பாஸுக்கும் மனு போடணும். நடுவுல தூதரகத்துல இருந்து கல்யாணமாகாதவர்னு ஒரு கடிதம் வாங்கணும். நடுவுல ஒரு பொது விடுமுறை வந்தா, தீபாவளியோ சீனப் பெருநாளோ, கணக்கு முடிஞ்சது. காத்திருக்கும் நாளைக் குறைக்க சிறப்பு அனுமதின்னு ஒரு வழி சட்டத்துல இருக்கு. எத்தனை குடும்பத்துக்கு அது தெரியும்?

இந்த இடத்துலதான் அரசாங்கத்தை விட்டுட்டு நம்மளைப் பத்திப் பேசணும். ஏன்னா கணக்கு இடிக்கும்போது நாம என்ன செய்றோம்? "முகூர்த்தம் தப்பிடக் கூடாது, தாலியைக் கட்டுங்க, ரெஜிஸ்டர் பிறகு பார்த்துக்கலாம்." இந்த வார்த்தையை நானே என் காதால எத்தனை தடவை கேட்டிருக்கேன். நானே ஒரு தடவை சொல்லியும் இருக்கேன். அதை இப்போ சொல்றேன். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன்.

ஒன்பது வருஷம் இருக்கும். பையன் இங்க லாரி ஓட்டுறவன், நல்ல பையன். பொண்ணு தமிழ்நாடு, விசிட் பாஸ்ல வந்தா. அப்போ ஒரு கோயில்ல மண்டபப் பொறுப்பு நான். "ரெஜிஸ்டர் ஆச்சா தம்பி?"ன்னு கேட்டேன். "பண்ணிடலாம் அண்ணே"ன்னான். அடுத்த முகூர்த்தம் நாலு மாசம் கழிச்சுத்தான்னு பெரியவங்க சொன்னாங்க. நானும் "சரி, பிறகு பண்ணிடு"ன்னு சொல்லி தேதியை எழுதிட்டேன். அன்னிக்கு பந்தியில பாயசம் பரிமாறினதும் நான்தான்.

பாஸ் முடிஞ்சது. ஒரு ஏஜெண்டு காசு வாங்கிட்டு நம்பரை மாத்திட்டான். பிறகு பதிவு பண்ணலாம்னு போனா, செல்லுபடியாகிற பாஸ் கேக்கறாங்க. பாஸ் கேக்கப் போனா, கல்யாணச் சான்றிதழ் கேக்கறாங்க. செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தைச் சுத்தினாங்க. அதுக்குள்ள குழந்தை. கிள்ளான்லதான் பிறந்தது. அப்பா, தாத்தா, அப்பத்தா எல்லாம் இங்கேயே பிறந்தவங்க. ஆனா பிறப்புப் பத்திரத்துல அந்தப் பிள்ளை குடிமகன் இல்லைன்னு வந்துச்சு.

ஏன்? நம்ம ஆளுங்க பலருக்கு இது தெரியாது, அதனால நிதானமா படிங்க. 1982க்குப் பிறகு கோயில்ல தாலி கட்டினது மட்டும் சட்டத்துக்குக் கல்யாணம் ஆகாது. பதிவு இல்லாம பிறந்த பிள்ளை சட்டப்படி திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அப்படிப் பிறந்தா, அரசியலமைப்போட இரண்டாவது அட்டவணையில 'அப்பா'ன்னு வர்ற இடத்தை எல்லாம் 'அம்மா'ன்னு படிக்கணும். அம்மா மலேசியர்னா பிள்ளை தப்பிச்சிடும். அம்மா வெளிநாடுன்னா, அப்பா ஐ.சி.யை நெத்தியில ஒட்டிக்கிட்டு நின்னாலும் பிள்ளைக்குத் தானா குடியுரிமை வராது.

பிறகு பதிவு பண்ணினா சரியாகிடும்னு நினைக்காதீங்க. 2021 மே 28 அன்னிக்கு கூட்டரசு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. அப்பா மலேசியர், அம்மா பிலிப்பைன்ஸ்காரர், பிள்ளை பிலிப்பைன்ஸ்ல பிறந்தது. பிறந்து சில மாசத்துல பெத்தவங்க கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டாங்க. ஏழு நீதிபதிகள்ல மூணு பேர் அந்தப் பிள்ளை குடிமகன்தான்னு சொன்னாங்க. நாலு பேர் இல்லைன்னாங்க. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம். பிறந்த அன்னிக்கு கல்யாணம் இருந்ததா, இல்லையா? அதுதான் கேள்வி.

அந்த லாரிக்காரத் தம்பி மனைவியோட அப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால ஊர்ல தவறிட்டார். அவளால போக முடியலை. போனா திரும்ப விடமாட்டாங்க, பிள்ளை இங்க. கைபேசியில வீடியோ போட்டு கொள்ளி வெக்கிறதைப் பார்த்தாள். அன்னிக்கு அவங்க வீட்டுல நானும் இருந்தேன். நான் அன்னிக்கு "பிறகு பண்ணிடு"ன்னு சொன்ன வார்த்தைக்கு விலை இது. அவங்க என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. அதனாலதான் இன்னும் வலிக்குது.

அடுத்தது சோறு. பாஸ் கையில இருந்தாலும் வேலை செய்யற உரிமை அதோட சேர்ந்து வர்றதில்லை. பல வருஷமா எந்த வேலையும் செய்யக் கூடாதுன்னு பாஸ்லேயே முத்திரை குத்திக் கொடுத்தாங்க. வேலை செய்யணும்னா முதல்ல வேலை கொடுக்கிற கம்பெனிகிட்ட கடிதம் வாங்கி, அதைக் கொண்டு போய் தனி அனுமதி கேக்கணும்.

இதோட கூத்தை நான் கம்பெனி பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல தர பரிசோதனைக்கு ஆள் தேவைப்பட்டது. ஒரு தங்கச்சி வந்தாள், தமிழ்நாட்டுல கெமிஸ்ட்ரி டிகிரி முடிச்சவள், இங்க கல்யாணமாகி மூணு வருஷம். நான் பேசிப் பார்த்தேன், கெட்டிக்காரி. எச்.ஆர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தாங்க. "பாஸ் இன்னும் ஏழு மாசம்தான் இருக்கு. நீங்க அனுமதி வாங்கி வாங்க, பிறகு பார்க்கலாம்." அனுமதி கேக்க கம்பெனி கடிதம் வேணும். கம்பெனி கடிதம் கொடுக்க அனுமதி வேணும். அவள் போயிட்டாள். அந்த இடத்துக்குக் கடைசியில பெர்மிட்ல ஒரு வெளிநாட்டு ஆளைத்தான் எடுத்தாங்க. லெவி மட்டும் வருஷத்துக்கு 1,850 ரிங்கிட் கட்டி! இந்த நாட்டு மருமகள் வேலை கேட்டா வாசல்ல நிறுத்துறோம், வெளியில இருந்து ஆள் எடுக்கக் காசு கட்டுறோம். எனக்கு எஸ்.பி.எம் கணக்குத்தான் தெரியும். ஆனா இது எந்தக் கணக்குல சேர்த்தி?

புருஷனுக்குக் கால் உடைஞ்சா, வேலை போனா, குடிகாரனா மாறினா அந்த வீடு எப்படி ஓடும்? "பொண்டாட்டியை வேலைக்கு அனுப்பாம வெச்சிருக்கேன்"னு சில ஆம்பிளைங்க பெருமை பேசுவாங்க. சட்டமே பூட்டி வெச்ச கதவுக்கு நீ என்னய்யா காவல்காரன் மாதிரி நிக்கறே?

இதுவரைக்கும் மருமகள் கதை. இப்போ மருமகன் கதைக்கு வாங்க. நம்ம பொண்ணுங்க படிச்சு சிங்கப்பூர், லண்டன், ஆஸ்திரேலியான்னு போறாங்க. அங்க ஒருத்தரைப் பிடிச்சுக் கல்யாணம் பண்றாங்க. தப்பா? பையன் வெளிநாட்டுப் பொண்ணைக் கட்டினா, அரசியலமைப்பு 15(1) பிரிவுல அந்த மனைவிக்குக் குடியுரிமை கேக்க ஒரு வழி எழுதியிருக்கு. எழுத்துல 2 வருஷம் தங்கினா போதும். நடைமுறையில முதல்ல சிவப்பு ஐ.சி, பிறகு அதுன்னு பல வருஷம் ஓடிடும், அது வேற விஷயம். ஆனா பொண்ணு வெளிநாட்டுப் பையனைக் கட்டினா? அந்தப் பிரிவே இல்லை. அவன் 19வது பிரிவுல சாதாரண அந்நியன் மாதிரி 12 வருஷத்துல 10 வருஷம் தங்கிக் காட்டணும். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த அண்ணன், தங்கச்சி. அண்ணன் கல்யாணத்துக்கு ஒரு சட்டம், தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு சட்டம்.

பிள்ளைங்க விஷயத்துலயும் இப்படித்தான் இருந்தது. மலேசிய அப்பாவுக்கு வெளிநாட்டுல பிறந்த பிள்ளைக்கு உரிமை. மலேசிய அம்மாவுக்குப் பிறந்தா மனு போட்டு, பல வருஷம் காத்திருக்கணும். ஆறு அம்மாமாரும் 'ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ்' அமைப்பும் கோர்ட்டுக்குப் போனாங்க. 2021 செப்டம்பர் 9ல கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்துல ஜெயிச்சாங்க. 2022 ஆகஸ்டு 5ல மேல்முறையீட்டுல ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்தாங்க. விடலையே! 2024 அக்டோபர் 17ல மக்களவையில 206 பேர் ஆதரவோட அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறுச்சு. இனி அப்பான்னு இருந்த இடத்துல பெத்தவங்கள்ல ஒருத்தர் மலேசியரா இருந்தா போதும். அந்த அம்மாமாரைக் கையெடுத்துக் கும்பிடணும். அரசாங்கத்துக்கும் நன்றி சொல்லணும், நான் கட்சிக்காரன் இல்லை, நல்லதை நல்லதுன்னுதான் சொல்வேன்.

ஆனா கைதட்டிட்டுத் தூங்கிடாதீங்க. திருத்தத்துக்கு முன்னால பிறந்த பிள்ளைங்களுக்கு அது பின்னோக்கிப் போகாது. அவங்க இன்னும் மனு வரிசையிலதான். மனு போட இருந்த வயசு வரம்பையும் 21ல இருந்து 18ஆ குறைச்சிட்டாங்க. அதே திருத்தத்துல வெளிநாட்டு மனைவிக்கு மலாய் மொழித் தகுதியைச் சேர்த்தாங்க. குடியுரிமை கிடைச்சு 2 வருஷத்துக்குள்ள கல்யாணம் முறிஞ்சா அதைப் பறிக்கவும் வழி வெச்சாங்க. மலாய் படிக்கிறது நல்லதுதான், படிக்கணும். ஆனா ஒரு கையில கொடுத்து இன்னொரு கையில இழுக்கிறது என்ன நியாயம்?

இங்கிலாந்துல இதே மாதிரி நடந்திருக்கு. அங்க குடியேறின ஆம்பிளை மனைவியை வரவழைக்கிறது சுலபமா இருந்தது, பொம்பளை புருஷனை வரவழைக்கிறது கஷ்டம். மூணு பெண்கள் வழக்கு போட்டு 1985ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துல ஜெயிச்சாங்க. அரசாங்கம் சமம் ஆக்குச்சு. எப்படி? பொம்பளைங்களுக்கு உரிமையைக் கூட்டலை, ஆம்பிளைங்களுக்கு இருந்ததைக் குறைச்சது! சமம் கேக்கிறவங்க இதை மறக்கக் கூடாது. மேலே தூக்கிச் சமம் பண்ணுங்கன்னு சேர்த்துக் கேக்கணும்.

இனி பந்தியில பேசினவருக்கு நேரடியா பதில்.

"விசாவுக்கு வர்ற கூட்டம்." இருக்காங்க ஐயா, இல்லைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். காசுக்கு ஜோடி சேர்த்து விடற புரோக்கர் இருக்கான். நம்ம ஊர்ப் பொண்ணைக் கட்டி, அவள் பேர்ல கடையைப் போட்டு, ஊர்ல இன்னொரு குடும்பம் வெச்சிருக்கிறவனும் இருக்கான். அவனைப் பிடிங்க. வாசல்லேயே நல்லா விசாரிங்க, வீட்டுக்கு வந்து பாருங்க, பக்கத்து வீட்டுல கேளுங்க. ஆனா விசாரிச்சு உண்மைன்னு தெரிஞ்ச பிறகும் வருஷா வருஷம் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறது எதுக்கு? கள்ளநோட்டு இருக்குன்னு கடைக்காரன் காசே வாங்க மாட்டேன்னு சொல்றானா?

"இங்க பொண்ணே இல்லையா?" நம்ம தாத்தாக்கள் எப்படி வந்தாங்கன்னு மறந்துட்டீங்களா? கங்காணி கூட்டிட்டு வந்தப்போ தோட்டத்துல ஆம்பிளைங்கதான் அதிகம். ஊருக்குப் போய் பொண்ணு கட்டிட்டு கப்பல்ல கூட்டிட்டு வந்தாங்க. அப்படி வந்த பாட்டிங்க வயித்துல வந்தவங்கதான் நாம. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம்னு வந்தப்போ என்ன ஆச்சு? ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பம் ரெண்டாச்சு. எங்க பாட்டியோட தங்கச்சி 'ரஜூலா' கப்பல்ல நாகப்பட்டினம் போனவங்க. புருஷன் இங்க, அவங்க அங்க. "ஒரு வருஷம்தான், பேப்பர் சரியானதும் வந்திடுவே"ன்னு சொல்லி அனுப்பினாங்களாம். கடைசி வரைக்கும் வரலை. தாத்தா சாகும்போது தலைமாட்டுல அவங்க எழுதின கடிதக் கட்டு இருந்தது. காகிதம் குடும்பத்தைப் பிரிக்கிறது எப்படின்னு இந்த நாட்டுல யாருக்குத் தெரியலைன்னாலும் தமிழனுக்குத் தெரியணும்.

"எல்லா நாட்டுலயும் இப்படித்தான்." இல்லை. இங்கிலாந்து கெடுபிடியான நாடுதான். 2024 ஏப்ரல்ல இருந்து மனைவியை வரவழைக்க வருஷத்துக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்டணும். ஆனா விசா கிடைச்சா முதல் நாள்ல இருந்தே வேலை செய்யலாம். இந்தியாவுல கல்யாணம் பதிவாகி 2 வருஷம் ஆனா வெளிநாட்டுத் துணை ஓ.சி.ஐ அட்டைக்கு மனு போடலாம். அது கிடைச்சா வாழ்நாள் விசா மாதிரி, வேலையும் செய்யலாம். நல்லதைப் பக்கத்து வீட்டுல பார்த்துக் கத்துக்கிறதுல வெட்கம் என்ன?

இன்னொரு கூட்டத்தை நாம பார்க்கிறதே இல்லை. என் லைன்ல நேபாளம், பங்களாதேஷ், தமிழ்நாட்டுப் பிள்ளைங்க வேலை செய்றாங்க. அவங்க பெர்மிட்ல இங்க கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு நிபந்தனையே இருக்கு. மருத்துவச் சோதனையில கர்ப்பம்னு தெரிஞ்சா பொண்ணுங்களை ஊருக்கு அனுப்பிடுவாங்க. பத்து வருஷம் ஒருத்தன் இளமையை இந்த நாட்டு மெஷினுக்குக் கொடுக்கலாம், மனசை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அவனும் இவளும் யாருக்கும் தெரியாம ஏதோ ஒரு சின்னக் கோயில்ல மஞ்சக் கயித்தைக் கட்டிக்கிறாங்க. பெர்மிட் முடிஞ்சா அவன் விமானத்துல. இவள் கைக்குழந்தையோட நம்ம அன்னதான வரிசையில. அந்தக் கயித்தை எடுத்துக் கொடுத்தது யாரு? நம்ம மாதிரி ஒரு கோயில்தானே? தட்சணை வாங்கினோம், பிறகு முகத்தைத் திருப்பிக்கிட்டோம்.

நாம வருஷா வருஷம் மீனாட்சி திருக்கல்யாணம் நடத்துறோம். சீர்த்தட்டு தூக்க போட்டி போடறோம். மாப்பிள்ளை யாரு? மதுரைக்காரரா? கைலாயத்துல இருந்து வந்தவர். பொண்ணு வீட்டோட தங்கினவர். சுந்தர பாண்டியன்னு பேர் வெச்சு மதுரை அவரை ராஜாவாவே ஏத்துக்கிச்சு. சொக்கநாதரை யாரும் வருகையாளர்னு சொல்லலை. கல்யாணம்னா என்னன்னு அந்தக் கதையே சொல்லுது. வந்தவங்க வந்தவங்க இல்லை, நம்மவங்க.

சரி, என்ன செய்யலாம்? சும்மா புலம்பிட்டுப் போக நான் எழுதலை.

அரசாங்கத்துக்கிட்ட நம்ம ஆலயங்கள் ஒண்ணா சேர்ந்து மனு கொடுக்கணும். கல்யாண பாஸ் கொடுக்கும்போதே வேலை செய்யற உரிமையையும் அதிலேயே எழுதுங்க. முதல் விசாரணையில உண்மைன்னு தெரிஞ்சா நேரா 5 வருஷம் கொடுங்க. புருஷனோ மனைவியோ கையெழுத்துப் போட மறுத்தா, அடிச்சா, இறந்துட்டா, மத்தவர் தானா வந்து புதுப்பிக்கிறதை உரிமையா எழுதி வைங்க, தயவா வேணாம். மருமகனையும் மருமகள் மாதிரியே நடத்துங்க. பழைய பிள்ளைங்க மனுவுக்கு இத்தனை மாசத்துல பதில்னு ஒரு கெடு வைங்க.

நம்ம நிர்வாகத்துக்கு மூணே மூணு கோரிக்கை. வர்ற ஆண்டுக் கூட்டத்துல நானே எழுந்து கேக்கப் போறேன், யாராவது வழிமொழியுங்க.

ஒண்ணு: பதிவுத் துறை பத்திரத்தைக் கண்ணால பார்க்காம முகூர்த்தத் தேதி எழுதக் கூடாது. சொந்தக்காரனா இருந்தாலும் சரி, பெரிய உபயக்காரரா இருந்தாலும் சரி. வெளிநாட்டுல கல்யாணம் பண்ணிட்டு வர்றவங்ககிட்ட 6 மாசத்துக்குள்ள பதியணும்னு எடுத்துச் சொல்லணும்.

ரெண்டு: மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு மண்டபத்துல ஒரு மேசை போடுங்க. பாரம் நிரப்பத் தெரிஞ்ச ரெண்டு பேர், முடிஞ்சா ஒரு வக்கீல். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருக்கிற நம்ம படிச்ச பிள்ளைங்க ஒரு மணி நேரம் ரயிலேறி வந்தா போதும். ஏஜெண்டுகிட்ட ஏமாறுற காசு மிச்சம்.

மூணு: வெளியூர்ல இருந்து வாழ வந்த பொண்ணு ஒவ்வொருத்திக்கும் மகளிர் பிரிவுல ஒரு அக்கா பொறுப்பு. போன் நம்பர் கொடுங்க. பாஸ்போர்ட் அவள் கையில இருக்கான்னு கேளுங்க. தேதி எப்போ முடியுதுன்னு கேளுங்க. கோலப் போட்டிக்குக் கூப்பிடறோமே, இதுக்கும் கூப்பிடலாம்.

அந்தத் தங்கச்சியோட பாஸ் தேதி நெருங்குது. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கேன். என் வீட்டுக்காரியும் நானும் அவளைக் கூட்டிட்டு வக்கீலைப் பார்க்கப் போறோம். என்ன ஆகும்னு தெரியாது. அவள் புருஷனும் இந்தப் பதிவைப் படிக்கலாம். தம்பி, உன் பேரை நான் எழுதலை, எழுதவும் மாட்டேன். சேர்ந்து வாழு, இல்லை பிரிஞ்சு போ, அது உங்க வீட்டு விஷயம். ஆனா அன்னிக்கு அய்யர் மந்திரம் சொல்லி, ஊரே அட்சதை போட்டப்போ நீ வாங்கினது ஒரு பொண்ணோட கையை. அதுக்கு முடிவுத் தேதி போட்டு யாரும் உனக்குக் கொடுக்கலை. அரை நாள் லீவு எடுத்து கவுண்டர் வரைக்கும் வா. அது போதும்.

பந்தியில பேசின ஐயாவுக்கும் ஒண்ணு. அடுத்த வெள்ளிக்கிழமையும் நான் சாம்பார் வாளியோடதான் நிப்பேன். உங்க மேல கோபம் இல்லை. வாங்க, சாப்பிடுங்க, பிறகு பேசுவோம்.

தப்பா ஏதாவது எழுதியிருந்தா திருத்துங்க. குடிநுழைவு விஷயம் தெரிஞ்ச வக்கீல் யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க. வெளிநாட்டுல பொண்ணோ மாப்பிள்ளையோ பார்த்துக்கிட்டு இருக்கிற குடும்பம் உங்களுக்குத் தெரிஞ்சா, முகூர்த்தம் குறிக்கிறதுக்கு முன்னால இதை அவங்களுக்கு அனுப்புங்க.

எல்லாருக்கும் அம்மன் துணை. ஓம் சக்தி.